கிராணி பேரைக் கூப்பிடாத பெரட்டு

என் வீட்டு ஐஸ்பெட்டியின் மேல் உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. அதில் ஒரு பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். என் அக்காவின் கணவர், என் மச்சான், ஜெலாப்பாங்கில் தம் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதிய சர்வர் அதற்குள் ஓடுகிறது. அவர் இருந்தவரை அது அவர் வீட்டு ஐஸ்பெட்டியின் மேல் இருந்தது.

மச்சான் ஓய்வு பெற்ற கணினிக்காரர். பிள்ளைகள் இல்லை. அக்கா இறந்த பிறகு பேச்சையும் குறைத்துக்கொண்டார். அந்தச் சமயத்தில்தான் நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டத்து ஆள் ஒருவர் கோப்பெங்கில் வாடகை அறையில் செத்துக் கிடந்து, நாற்றம் வந்த பிறகே அக்கம்பக்கத்துக்குத் தெரிந்தது. தோட்டத்தில் இப்படி நடந்திருக்காது. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கணக்கெழுதும் கிராணியார் வேலைக்கு வந்தவர்களை ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். குரல் வராவிட்டால் லயத்து வரிசை வீட்டுக்கு ஆள் போகும். ரப்பரை அழித்துச் செம்பனை வந்து, சனம் திசைக்கொன்றாகப் போனதும் பெயர் கூப்பிட ஆளில்லாமல் போயிற்று. மச்சான் அந்தப் பெரட்டைத்தான் மறுபடி நடத்தப் பார்த்தார்.

தனியாக வாழும் தோட்டத்துச் சனத்தின் கைபேசிகளுக்குச் சர்வர் காலையில் அழைக்கும். "பெரட்டுக்கு வந்தாச்சா? வந்திருந்தா ஒன்ன அமுக்குங்க" என்று பதிவு செய்துவைத்த மச்சானின் குரல் கேட்கும். அமுக்காதவர் பெயர் மச்சானின் கைபேசிக்கு வரும். உடனே கூப்பிட்டுத் திட்டுவார். ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விடுவார், இன்னொருவருக்குக் காது மந்தம், திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டும். இதற்காகவே, ஓடுகிற சர்வரை நிறுத்தாமல் ஆளுக்கு ஆள் சின்னதாக ஸ்கிரிப்ட் எழுதிச் செருகும்படி அமைத்திருந்தார். நிறுத்திவிட்டுத் திருத்தினால் வேலை சுலபமாயிற்றே என்றேன்.

"நிறுத்துனா அந்த நேரத்துக்குப் பெரட்டு இல்லலா. அப்பப் பாத்து எவனாவது விழுந்து கெடந்தா?" என்றார்.

ஒருநாள் அவரைச் சீண்டினேன். "எல்லாரு பேரும் இருக்கு, ஒங்க பேரு எங்க மச்சான்?"

"போடா. பெரட்டுல கிராணி பேர எவன்டா கூப்பிட்டான்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் அப்படித்தான் படும்.

பிறகு ஒரு மதியம் ஆயர் தாவாரிலிருந்து பெரியம்மா அழைத்தார். எங்கள் லயத்தில் எல்லாருக்கும் அவர் பெரியம்மா; பெரட்டில் பெயர் உள்ளவர்.

"தம்பி, நேத்தும் நான் அமுக்கல, இன்னைக்கும் அமுக்கல. ஒங்க மச்சான் ஏன் இன்னும் திட்டல?"

உடம்புக்கு என்ன என்று பதறினேன்.

"ஒடம்பு நல்லாத்தான்லா இருக்கு. அமுக்காட்டி அவரு கூப்புடுவாரு. வேற யாரு எனக்குப் போன் போடுறா?"

ஜெலாப்பாங் வீட்டுக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. நானும் பக்கத்து வீட்டாரும் உடைத்துத்தான் போனோம். மச்சான் சமையலறைத் தரையில் கிடந்தார். உயிர் இல்லை. ஐஸ்பெட்டியின் மேல் பச்சை விளக்கு மினுக்கியது. இரண்டு காலையும் அவர் குரல் எல்லாரையும் தவறாமல் கூப்பிட்டிருக்கிறது. பெரியம்மாவின் பெயர் மச்சானின் கைபேசியில் வந்து கிடந்தது. எனக்கு அன்று துக்கத்தைவிட அந்தப் பெட்டியின் மேல் வந்த கோபம்தான் பெரிது. தூக்கி எறியலாமா என்றிருந்தது.

எறிய மனம் வரவில்லை. நாளைக்கு அவர்களை யார் கூப்பிடுவது? இப்போது கிராணி நான். கல்யாணம் காட்சி என்று எதுவும் நடக்காத தனியாள். அதனால் என் பெயரையும் சேர்த்து, நான் அமுக்காவிட்டால் ஆயர் தாவார் பெரியம்மாவுக்குச் செய்தி போகும்படி, மச்சான் எழுதியிருந்தவற்றைப் பார்த்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதிச் செருகினேன். குரலை மட்டும் மாற்றவில்லை.

இன்று காலையும் பச்சை விளக்கு மினுக்கியது, கைபேசி அடித்தது. "பெரட்டுக்கு வந்தாச்சா?" என்று மச்சான் கேட்டார். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கட்டைவிரல் ஒன்றின் மேலேயே இருந்தது. அமுக்கவில்லை. காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது. பெரியம்மா கூப்பிட்டுத் திட்டுவார் என்று உட்கார்ந்திருக்கிறேன்.