அம்மா கடையை மூடிய நாட்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் அந்தமான் போர்ட் பிளேரில், டெலானிபூர் மேட்டில் குடியிருந்தோம். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அப்பா அங்கே ஒரு டிபன் கடை வைத்திருந்தார். பெயருக்குத்தான் அப்பாவின் கடை. மாவு ஆட்டுவது, வடை சுடுவது, யாருக்குக் காரம் ஆகாது என்று நினைவு வைத்துக்கொள்வது எல்லாம் அம்மாதான். முன்பக்கம் கடை, பலகைத் தடுப்புக்குப் பின்னால் வீடு. குவார்ட்டர்ஸில் தனியாக இருந்த அரசாங்க ஊழியர்கள் மூன்று வேளையும் எங்களிடம்தான் சாப்பிட்டார்கள். வங்காளி, மலையாளி, பீகாரி என்று யார் வந்தாலும் அம்மா இந்தியில் பேசுவார். ஆண்பால், பெண்பால் பார்க்காத இந்தி.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்களை நிக்கோபாரிலுள்ள கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்து இறங்கி, அடுத்த கப்பல் வரும்வரை எங்கள் ஊரில் தங்குவார்கள்.

ஒரு நாள் காலை, கடையில் உட்கார இடமில்லாத நேரம். துணியில் சுற்றிய குழந்தையோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, புள்ளைக்குக் கொஞ்சம் சுடுதண்ணி தருவீங்களா?"

அம்மா தண்ணீர் கொண்டுபோனார். குழந்தையின் முகமெல்லாம் சிவந்து பொரிந்திருந்தது. மணல்வாரி அம்மை. டாக்டர் மருந்து கொடுத்து, இந்த நிலையில் கப்பலில் ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் கணவன் மற்றவர்களோடு அன்று விடியற்காலையிலேயே கட்சாலுக்குக் கப்பலேறிவிட்டான். கொட்டகையில் அடுத்த கப்பலுக்காகக் காத்திருந்த பிள்ளைக்காரர்கள் பயந்து ஒதுங்க, இவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். ஊரில் ஒருவரையும் தெரியாது.

அம்மா அவளைக் கொல்லைப்புறமாக வீட்டுக்குள் அழைத்துப் போனார். அப்பா பின்னாலேயே வந்தார்.

"என்ன காரியம் பண்ணுற? அம்மை கண்ட புள்ளைய உள்ள வச்சுக்கிட்டு யாருக்கு இட்லி விக்கப் போற?"

"விக்க வேணாங்க. கடைய மூடிருவோம்."

"வாடிக்கையெல்லாம் கீழ்க்கடைக்குப் போயிரும்டி. அப்புறம் திரும்பி வராது."

"போகட்டும். நம்ம புள்ளைகளுக்கு ஏற்கெனவே வந்து போயிருச்சு. வேற யாருங்க இவளைச் சேர்ப்பா?"

அப்பா கோபமாக வெளியே போய்விட்டார். அம்மை வந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாது, தாளிக்கக் கூடாது. அடுப்பிலிருந்த வடைச்சட்டியை அம்மா அப்போதே இறக்கி வைத்தார்.

ஊருக்குப் போகிறோம் என்று ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். அம்மா வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும், வீட்டுக்கு மாதா வந்திருக்கிறாள் என்று உள்ளதைச் சொன்னார். "கர் மே மாதா ஆயா ஹை." மலையாளி கிளார்க், மெயின்லேண்டிலிருந்து அம்மாவின் அம்மா வந்திருக்கிறார் என்று நினைத்துச் சிரித்தபடி நலம் விசாரித்தார். பீகார்க்காரப் பியூன் மட்டும் உடனே கைகூப்பினார். அவர்கள் ஊரிலும் அம்மை கண்டால் மாதா வந்திருப்பதாகத்தான் சொல்வார்களாம். சாயங்காலம் எங்கிருந்தோ வேப்பிலைக் கொத்து கொண்டுவந்து எங்கள் வாசல் நிலையில் செருகினார். அதன்பிறகு தினமும் கொண்டுவந்தார்.

கஞ்சியும் இளநீருமாக நாட்கள் போயின. எங்களிடம் சாப்பிட்டவர்கள் எங்கள் வாசலைத் தாண்டிக் கீழ்க்கடைக்கு இறங்கிப் போவதை அப்பா பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தை இருந்த பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தடிப்பு இறங்கியும் காய்ச்சல் விடவில்லை. ஒரு பிற்பகல் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது குழந்தைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. உதடு நீலம் பாரித்தது. "அக்கா, என் புள்ள!" என்று அந்தப் பெண் அலறினாள். அம்மா எழுவதற்குள் அப்பா உள்ளே வந்துவிட்டார். விறகை மூடியிருந்த தார்ப்பாயை இழுத்து, குழந்தையைச் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு சரிவில் ஓடினார். செருப்புகூடப் போடவில்லை. பெண்கள் இருவரும் நனைந்தபடி பின்னால் ஓடினார்கள்.

நெஞ்சில் சளி கட்டியிருந்ததாம். கொஞ்சம் தாமதித்திருந்தாலும் பிழைத்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம். மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து ஈரம் சொட்டத் திரும்பிய அப்பா எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: "கஞ்சி இருக்கா? அந்தப் பொண்ணு காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடல." அவரே தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு மறுபடி சரிவில் இறங்கிப் போனார்.

குழந்தை தேறி வீடு திரும்பியதும், வேப்பிலை போட்டுக் காய வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றினார்கள். மறுநாள் அம்மா எண்ணெய்ச் சட்டியை ஏற்றினார். சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் கீழ்க்கடையிலேயே நின்றுவிட்டார்கள். அதற்காக அம்மா வருந்தியோ அப்பா குத்திக்காட்டியோ நான் கேட்டதில்லை.

கப்பல் வந்த அன்று துறைமுகத்தில் அந்தப் பெண் அம்மாவின் காலில் விழப் போனாள். அம்மா தோளைப் பிடித்துத் தூக்கினார். "கால்லயெல்லாம் விழாத. அங்க போனதும் புள்ளைக்கு உடனே எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டிராத, என்ன? ஒரு மாசம் போகட்டும்." அவள் தலையாட்டிக்கொண்டே ஏணியில் ஏறினாள். அதன்பிறகு நாங்கள் அவளைப் பார்க்கவில்லை.

அம்மா இறந்து பல வருடங்களாகின்றன. அந்தப் பெண்ணின் பெயரை அம்மா கேட்டதே அன்று ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும்போதுதான் என்று அப்பா பின்னால் ஒருநாள் சொன்னார். அத்தனை நாளும் அவள் எங்கள் வீட்டில் 'புள்ளையோட அம்மா' மட்டும்தான். யார், என்ன என்று கேட்காமல் ஒருவருக்கு வீட்டில் இடம் கொடுக்க என்னால் இன்றுவரை முடிந்ததில்லை. ஆனால் அது மனிதர்களால் முடிகிற காரியம்தான் என்று எனக்குத் தெரியும், கண்ணால் பார்த்திருக்கிறேன்.