அத்தானின் ஐம்பது வாசகர்கள்

என் அக்கா புருஷனுக்குக் கம்ப்ரசர் என்றால் உயிர். சோப்புக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக அந்தக் காற்று மெஷினைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் அதன் கதைதான். அக்காவும் அதே கம்பெனியில் அடுத்த கட்டடத்தில் சோப்புக்கு உறை போடுகிறாள். அவர் வாயைத் திறந்ததுமே பாத்திரம் கழுவ எழுந்துவிடுவாள். அவர்களோடு தங்கி, அதே கம்பெனி ஸ்டோரில் வேலை பார்க்கும் நான், கேட்பதுபோல் தலையாட்டுவேன். தின்கிற சோற்றுக்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

போன வருடம் தலைமை அலுவலகம் ஓர் இணையதளம் தொடங்கியது. ஒன்பது தொழிற்சாலை ஆட்களும் தங்களுக்குத் தெரிந்த வேலையை அதில் எழுத வேண்டுமாம், மற்றவர்கள் படித்துக்கொள்ள வேண்டுமாம். எழுதியதை மாதக் கடைசிக்குள் ஐம்பது பேராவது படித்திருந்தால்தான் மேற்பார்வையாளர் பதவிக்குப் பெயர் போகும். அத்தானுக்கு இதைவிட்டால் வேறு வாய்ப்பில்லை. அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும்.

எழுதினார். ‘கம்ப்ரசரில் சிவப்பு விளக்கு எரிந்தால் செய்ய வேண்டியவை.’ மூன்று வாரத்தில் படித்தவர் ஒரே ஒருவர். அதுவும் அவரேதான். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். இவர் சொல் அடுக்களைகூட ஏறவில்லை. மனுஷன் சோறு இறங்காமல் கிடந்தார்.

கடைசியில் எரிச்சல் தாங்காமல் தலைப்பை மட்டும் மாற்றினார்: ‘சம்பள உயர்வு: அனைவரும் அறிய வேண்டியது.’ மத்தியானத்துக்குள் நாலாயிரம் பேர் திறந்துவிட்டார்கள். கீழே எழுதியிருந்த திட்டுகளை இங்கே சொல்ல முடியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் திறந்தேன். முதல் வரியில் கம்ப்ரசரைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு மூடினேன்.

மறுநாள் மேனேஜர் அறையில் அத்தானுக்கு விசாரணை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்க மேனேஜர் பேனாவை எடுத்தாராம், அபாய மணி அடித்திருக்கிறது. கம்ப்ரசர் அறையில் ஆளில்லை. ஆள்தான் அங்கே கைகட்டி நிற்கிறாரே. எதிர் ஸ்டோரிலிருந்து நான் ஓடினேன். சிவப்பு விளக்கு. எதைத் தொடுவது என்று தெரியாமல் மரம்போல் நின்றேன்.

அக்கா என்னைத் தள்ளிவிட்டு நுழைந்தாள். மெஷினை நிறுத்தினாள். பின்பக்கம் போய், காற்று உள்ளே போகும் கம்பி வலையில் ஒட்டிக்கிடந்த பிளாஸ்டிக் தாளை உரித்தெடுத்தாள். அவள் பிரிவிலிருந்து பறந்து வந்த தாள்தான். பிறகு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். மேனேஜரும் அத்தானும் மூச்சிரைக்க வந்தார்கள். அத்தான் மெஷினை மறுபடி ஓடவிட ஸ்விட்சில் கை வைக்கப் போனார். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“பத்து நிமிஷம் ஆகணும்ங்க. இன்னும் மூணு இருக்கு.”

இதை யாரம்மா சொல்லிக் கொடுத்தது என்று மேனேஜர் கேட்டார்.

“யாரும் இல்ல சார். சம்பள உயர்வுன்னு போட்டிருந்துச்சு. எங்கயாவது வரும் வரும்னு கடைசி வரி வரைக்கும் மூணு தடவ படிச்சேன்.”

மேனேஜர் இருமினார். பெயரை அடிக்கவில்லை.

பதவி உயர்வுக் கடிதம் வந்த அன்று அத்தானோடு வீட்டுக்கு நடந்தேன். அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“மூணு தடவ படிச்சிருக்காடா” என்றார்.