சூரியன் நம் பக்கம் இருந்தபோது

மலாக்காவின் கடலோர வானாய்வுக்கூடத்தில் ஏர்கோன் குளிர்சாதனத்தைப் பழுதுபார்க்கப் போனபோதுதான் அவரைப் பார்த்தேன். சூரியனை ஆராயும் தமிழ்ப் பெண். வெயிலில் கறுத்த கைகள், நெற்றியில் சின்னப் பொட்டு. அறையில் இருந்த ஒரே மின்விசிறியைக் கருவிகளின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தன் வியர்வையைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டிருந்தார்.

வேலையைத் தொடங்க நான் மெயின் சுவிட்ச்சில் கை வைத்தேன்.

"அண்ணே, நிறுத்தாதீங்க! சூரியன்ல இப்பதான் பெருசா ஒண்ணு வெடிச்சிருக்கு."

"நாளைக்குப் பார்த்துக்கலாமேம்மா?"

"நாளைக்கு இது இருக்காதுண்ணே. கப்பல், பிளேன் ரேடியோவெல்லாம் கெட்டுப்போகலாம். எங்க கூட வேலை செய்யறவங்க அமெரிக்காவுல இருக்காங்க. அங்க இப்ப ராத்திரி. நாமதான் பார்த்துச் சொல்லணும் லா."

அந்தப் புழுக்கத்தில் நானும் காத்திருந்தேன். பதிவு முடிந்ததும் கணினித் திரையில் தூக்கக் கலக்கத்தோடு ஒரு வெள்ளைக்காரர் தோன்றி, இந்தப் பெண்ணுக்காகக் கை தட்டினார். அந்தப் பெண் வெட்கத்தோடு சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்ப நிறுத்துங்கண்ணே" என்றார்.

மாலையில் எங்கள் ஊரான அலோர் காஜாவில், சாப்பாட்டுக் கடையில், "நம்ம பொண்ணு ஒருத்தி..." என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், என் மகளைப் பற்றிப் பேசுவதுபோல. பேர் என்ன என்று கேட்டார்கள். அதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.