வெர்லின் கேட்காத ஓட்டு

பன்னிரண்டு அடித்ததும், கட்சிக்காரர் பாதிப் பேச்சில் இருந்தாலும் வக்கீல் வெர்லின் டோஸ்ட்ரூட் எழுந்து கோட்டை மாட்டிக்கொள்கிறார். "நீங்க சொல்லிக்கிட்டே நடங்க, நான் காதக் குடுத்துக்கிட்டே வர்றேன்." வேலித் தகராறோ உயிலோ, மீதிக் கதை பனி வழுக்கும் நடைபாதையில்தான். தெருக்கோடியில் கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம் நடத்தும் முதியோர் இல்லம். பக்கவாதத்தில் பேச்சும் போய்க் கிடக்கும் மனைவி ஆர்டிஸுக்கு சூப் ஊட்ட வேண்டும். நாலு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை.

வயது எழுபத்தெட்டு. என் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். உள்ளே பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு நடப்பார். மனுக்களை இரண்டே விரலால் தட்டச்சு செய்வார். அந்தச் சத்தம் நாளெல்லாம் என் தலைக்கு மேல் விழும். வாஷிங்டனில் இரண்டு வருஷம் நாடாளுமன்றக் கீழவை உறுப்பினராக இருந்த மனிதர். அந்தப் பதவிச் சான்றிதழ் கழிவறைச் சுவரில் தொங்குகிறது. ஏன் என்று கேட்டால், "அங்கதான் ஏற்கனவே ஆணி இருந்துச்சு" என்கிறார்.

பால்பண்ணைக்காரர் மகன். சட்டம் படித்து ஊருக்கே திரும்பினார். நிலத்தைப் பிடுங்க வங்கிக்காரர்கள் வந்தபோதெல்லாம் விவசாயி பக்கம் நின்று வாதாடினார். அந்தப் பேரில்தான் ஐம்பத்தொன்றாம் வயதில் ஜெயித்தார். ஆனால் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவர் ஆர்டிஸ். இவர் காரிலேயே உட்கார்ந்திருந்தாராம். அடுத்த தேர்தலில் ஆர்டிஸ் இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். இவர் அறுபத்தோரு ஓட்டில் தோற்றார்.

இதில் கூத்து என்னவென்றால், டோஸ்ட்ரூட் பங்காளிகள் மட்டும் எழுபது பேருக்கு மேல். அன்றைக்கு மக்காச்சோள அறுவடை. ஒருத்தரும் ஓட்டுச்சாவடிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பெரியப்பா மகன் செல்மர் இன்றும் கூசாமல் சொல்வார்: "அவன் கேக்கவே இல்லையே. வேணும்னா கேட்டிருப்பான்ல? வேண்டாம்னு இருக்கறவனுக்கு எதுக்கு வம்படியாப் போடணும்?"

தனக்கென்று வாய் திறந்து கேட்பதை இந்த மினசோட்டா மாநிலத்துக்காரர்கள் ஏதோ பாவம் மாதிரி நினைக்கிறார்கள். மூன்றாம் தடவை வற்புறுத்தினால்தான் காபியே வாங்குவார்கள். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று கேட்டு வளர்ந்தவன் நான். இங்கே வந்து பத்தொன்பது வருஷமாகியும் இது எனக்குப் பிடிபடவில்லை. சில நாள் எரிச்சலாகவே வரும்.

வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடி ஒரு ஓட்டெடுப்பு. முதியோர் இல்லம் நடக்க நிலவரியை ஏற்றலாமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் ஏப்ரலில் இல்லத்தை மூடிவிடுவார்கள். ஆர்டிஸைத் தொண்ணூறு மைல் தள்ளியுள்ள நகரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வெர்லினுக்குக் கண் மங்கிவிட்டது, வண்டி ஓட்டக் கூடாது. மாதம் ஒரு தடவை மனைவியைப் பார்த்தால் பெரிய விஷயம்.

"மனுஷா, இப்பவாவது வாயத் திறங்க" என்று சொல்லி, சனிக்கிழமை நானே அவரைச் செல்மர் பண்ணைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அரை மணி நேரம் பனியைப் பற்றிப் பேசினார். கன்றுக்குட்டியைப் பற்றிப் பேசினார். பிறகு பையிலிருந்து காகிதத்தை எடுத்து, ஏக்கருக்கு எவ்வளவு, எந்தப் பிரிவின்படி என்று நீதிபதியிடம் சொல்வது போல ஒப்பித்தார்.

"வரி ஏத்தச் சொல்லி நான் ஓட்டுப் போட்டதே கெடையாதுப்பா" என்றார் செல்மர். "பாக்கலாம்."

பார்க்கலாம் என்றால் எந்த ஊரிலும் ஒரே அர்த்தம்தான். வெளியே வந்து காரில் உட்கார்ந்தோம். நான் சாவியைத் திருகவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"ஆர்டிஸா இருந்தா எப்படிக் கேட்டிருப்பாங்க?" என்றேன்.

"அவளா? காபி வர்றதுக்கு முன்னாடியே கேட்டிருப்பா."

சொன்ன கையோடு கதவைத் திறந்து இறங்கினார். படியில் வழுக்கப் போகிறாரே என்று நானும் பின்னால் ஓடினேன். செல்மர் கதவைத் திறந்தார்.

"என்னப்பா, எதையாச்சும் விட்டுட்டியா?"

"செல்மர், எனக்கு உன் ஓட்டு வேணும். ஊருக்காக இல்ல. ஆர்டிஸ நான் தெனம் பாக்கணும். அவள அவ்வளவு தூரம் அனுப்பிட்டு என்னால இருக்க முடியாது." முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

செல்மர் தலை குனிந்துகொண்டார். "இத அன்னைக்கே கேட்டிருந்தீன்னா…"

"இன்னைக்குக் கேக்குறேன்."

"சரிப்பா. போடுறேன். பசங்ககிட்டயும் நானே சொல்றேன்."

வெர்லின் கையை நீட்டினார், செல்மர் பிடித்தார். இந்த ஊர் ஆண்கள் கைகுலுக்கினால் ஒரு நொடிதான். செல்மர் கையை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார், இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். வெர்லின் விடவில்லை.