லாரிக்குள் அடங்காத டயர்

சௌந்திரத்துக்கு அந்த ஆபீஸில் இருந்த ஒரே நல்ல பெயர், சொன்னதைச் செய்கிற பெண் என்பது. அந்தப் பெயர்தான் அவளைக் கெடுத்தது.

நாமக்கல்லில் இருநூறு லாரி ஓட்டிய கம்பெனி அது. எண்பத்தைந்தில் கம்ப்யூட்டர் வாங்கியபோதே புரோகிராம் எழுத வந்தவள். மூன்றே வருடத்தில் புரோகிராம் அனுமார் வாலாக நீண்டுவிட்டது. பர்மிட் பக்கம் கைவைத்தால் டிரைவர் லிஸ்ட் கெட்டுப்போகும். முதலாளிக்கு உடம்பு முடியாமல் மருமகன் வேலுமணி பொறுப்புக்கு வந்தார். பெங்களூரில் புது முறை ஒன்றைப் படித்து வந்திருந்தார். ஒவ்வொரு பொருளும் தன் விவரத்தைத் தானே வைத்துக்கொள்ளும்; வேண்டியவர் அதனிடம் கேட்டு வாங்க வேண்டும். கேட்டதுமே சௌந்திரத்துக்குப் பிடித்துப்போயிற்று.

அவர் போர்டில் லாரி என்று ஒரு கட்டம் போட்டு, அதற்குள் இன்ஜின், பாடி, டயர் என்று எழுதினார்.

"டயரை மட்டும் தனியா வெச்சரலாமுங்க சார்," என்றாள். "நம்மூர்ல லாரிய விக்கறப்ப நல்ல டயரைக் கழட்டிக்கிட்டு, பழசை மாட்டித்தானுங்க அனுப்புவாங்க."

"லாரின்னா டயரோடதான். ஊருப் பழக்கத்தை எல்லாம் மெஷினுக்குள்ள கொண்டாராத."

அவர் சொன்னபடியே எழுதிக் கொடுத்தாள்.

தை மாதம் எட்டு லாரிகளை விற்றார்கள். டயர் ஷெட் பொன்னன், இருபது வருடமாகச் செய்ததைப்போலவே, நல்ல டயர்களைக் கழற்றிவிட்டுப் பழையவற்றை மாட்டி அனுப்பினார். சௌந்திரம் எட்டு லாரிகளையும் கம்ப்யூட்டரில் அழித்தாள். கூடவே நல்ல டயர்களும் அழிந்தன. அவை அதற்குள் வேறு லாரிகளில் ஏறி அசாம் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தன. ஷெட்டில் இருப்பதாகக் கம்ப்யூட்டர் சொன்ன நாற்பத்தெட்டுப் பழைய டயர்களோ அங்கே இல்லை; விற்ற லாரிகளோடு போயிருந்தன.

வேலுமணி பொன்னனைத் திருடன் என்றார். தன் கட்டம் தப்பு என்று சொல்வதைவிட அது அவருக்குச் சுலபம்.

"அம்மிணி, நீங்களே சொல்லுங்க சாமி," என்றார் பொன்னன். "டயர் மாத்தறது உங்களுக்குத் தெரியுமல்லங்க?"

வேலுமணி அவளைப் பார்த்தார். "பிரிண்ட் சரிதானேம்மா?"

சௌந்திரம் மேசைமேல் இருந்த கம்ப்யூட்டர் பிரிண்ட்டைக் கையில் எடுத்தாள். பிறகு, "பிரிண்ட் சரிதானுங்க சார்," என்றாள். வேலை போய்விடும் என்ற பயம், வேறொன்றுமில்லை. பொன்னன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

மறுவருடம் வேலுமணியே கம்ப்யூட்டரில் டயரை லாரியிலிருந்து பிரிக்கச் சொன்னார், தனக்கே தோன்றியதுபோல. இரண்டு நாள் வேலை. அதன்பின் எத்தனை லாரி விற்றாலும் ஒரு டயரும் காணாமல் போகவில்லை. அதற்காக அவளுக்குச் சம்பளமும் உயர்ந்தது. அந்தச் சம்பளத்தை வாங்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஒருநாள் ஆத்தூர் பஸ் ஸ்டாண்டில் பொன்னனின் மனைவி ராமாயியைப் பார்த்தாள். பொன்னன் இப்போது ஜவ்வரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறாராம்.

"அந்தக் கம்ப்யூட்டரு இப்ப சரியாச் சொல்லுதுங்களா அம்மிணி?" ராமாயியின் குரலில் குத்தல் எதுவுமில்லை.

"சொல்லுதுங்க."

"அப்படின்னா எங்க ஊட்டுக்காரரை மறுபடி கூப்பிடுவாங்களா?"

சௌந்திரம் பஸ் வந்துவிட்டது என்று சொல்லி நடந்தாள். பஸ் இன்னும் வந்திருக்கவில்லை.