பஞ்சுக்குச்சி பார்த்துச் சொன்ன பலன்

அடுத்தவையின்ரை பிள்ளையளின்ரை வாய்க்குள்ளை பஞ்சுக்குச்சி விட்டுக் கன்னத்தைத் தேய்க்கிறதுதான் பலெர்மோவிலை எனக்கு ஆறு வருச வேலை. மரபணுவைப் பார்த்து, எந்த விளையாட்டு ஒத்துவரும் எண்டு சொல்லுற சின்ன நிலையம் அது. கூட்டித் துடைக்கப் போன என்னை, இத்தாலியன் கதைக்கிறாள் எண்டு மேசையிலை இருத்திச்சினம். நாலு சொல்லு தெரிஞ்ச குற்றத்துக்காகக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர், ஆஸ்பத்திரி எண்டு மற்றவைக்கு மொழிபெயர்த்துத் திரியிற உங்களுக்கு என்ரை பாடு விளங்கும்.

வெறும் வாய்

தேய்க்க முன்னம் அரை மணித்தியாலம் ஒண்டும் சாப்பிடக் கூடாது. சொன்னால் ஆர் கேக்கினம்? ஒரு சிஞ்ஞோரா, இத்தாலியன் மனிசி, என்ரை கண்ணுக்கு முன்னாலையே மகனுக்கு ஐஸ்கிறீமும் பணிசும் தீத்திக்கொண்டிருந்தா. இனி அரை மணித்தியாலம் பொறுக்கோணும் எண்டன். பிள்ளை பிடிக்கிறவளைப் பாக்கிற மாதிரி என்னைப் பார்த்தா.

"பசியோடை இருக்கிற பிள்ளைக்கு ஜீன் மட்டும் என்னத்தைச் செய்யும்?"

நட்சத்திரம் பூரட்டாதி

சிவபாலன் அண்ணை வன்னியாள். மொண்டெல்லோவிலை ஒரு ரெஸ்ரோரன்ரிலை கோப்பை கழுவுறார். மகள் துளசிக்குப் பதின்மூண்டு வயசு, பள்ளிக்கூடத்திலை நூறு மீற்றர் ஓட்டத்திலை எப்பவும் முதல். வேலைக்குப் போக முன்னம் ரெண்டு பஸ் மாறி அவளைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போறது இந்த மனிசன்தான். அந்த அலைச்சலுக்குப் பலன் இருக்குமோ எண்டு அறியத்தான் வந்தவர்.

படிவத்திலை பிறந்த திகதிக்குப் பக்கத்திலை நேரம், ராசி, நட்சத்திரம் எல்லாம் எழுதியிருந்தார். அண்ணை, இது சாதகம் இல்லை, வெட்டுங்கோ எண்டன். அவர் வெட்டேல்லை.

"கிடக்கட்டும் தங்கச்சி, பாக்கிறவைக்கு உதவும்."

நாலு பக்கம்

முடிவு வந்த அண்டைக்கு என்ரை மேசைக்கு முன்னாலை அண்ணையும் துளசியும், அவைக்குப் பின்னாலை இன்னும் மூண்டு பேர் காத்துக்கொண்டு நிண்டவை. வேகத்துக்கு உதவுற தசைப் புரதம் ஒண்டு இருக்கு. அதைச் செய்யிற மரபணு தாயிட்டை இருந்து ஒண்டு, தேப்பனிட்டை இருந்து ஒண்டு வரும். துளசிக்கு ரெண்டும் வேலை செய்யாத வகை. அப்பிடிக் கனபேர் இருக்கினம், அது ஒரு நோயும் இல்லை.

நாலாம் பக்கத்திலை ஒரு வரி இருக்கும். இந்த ஒரு மரபணுவை வைச்சுப் பிள்ளை ஓடுவாள், ஓடமாட்டாள் எண்டு முடிவெடுக்கக் கூடாது, பயிற்சியை நிப்பாட்டக் கூடாது எண்டு. எல்லாற்றை கடதாசியிலையும் அதே வரிதான். அதாலை நான் அதை வாசிக்கிறதையே விட்டிட்டன்.

"சுருக்கமாய்ப் பலனைச் சொல்லு தங்கச்சி" எண்டு அண்ணை கேட்டார். நானும் பெரிய சாத்திரக்காரி மாதிரி, வேக ஓட்டம் சரிவராது அண்ணை எண்டு சொன்னன். என்ரை அறுந்த வாய். துளசி பக்கத்திலைதான் நிண்டவள். அவர் கடதாசியை மடிச்சுச் சட்டைப் பையுக்குள்ளை வைச்சார்.

"நல்லகாலம், நேரத்தோடை தெரிஞ்சுது."

அதே முடிவு

துளசியின்ரை பயிற்சி அண்டையோடை நிண்டுது. ஒரு வருசம் கழிச்சு, எங்களிட்டை முந்திச் சோதிச்ச ஒரு பெடியன் பதக்கத்தோடை வந்து எல்லாருக்கும் இனிப்புத் தந்தான். குறுந்தூர ஓட்டத்திலை வெண்டவனாம். அவன்ரை பைலை எடுத்துப் பார்த்தன். துளசியின்ரை முடிவேதான். டொத்தொரெஸ்ஸா எண்டு நாங்கள் கூப்பிடுற எங்கடை டொக்டரம்மாவிட்டை போய் நடந்ததைச் சொன்னன். அவ ஏசேல்லை. ஏசியிருந்தால் ஆறுதலாய் இருந்திருக்கும்.

"நாலாம் பக்கத்தை வாசிச்சுக் காட்டினனீதானே?"

ஸ்ரார்ட்

அண்டைக்கே அல்பெர்கேரியாவிலை சிவபாலன் அண்ணை வீட்டுக்குப் போனன். சாமிப் படத்துக்குக் கீழை அந்தக் கடதாசி பிளாஸ்ரிக் உறை போட்டுக் கிடந்தது. எடுப்பிச்சு, கடைசிப் பக்கத்தைத் தமிழிலை வாசிச்சன். பிழை என்ரை, பிள்ளையின்ரை இல்லை அண்ணை எண்டன். அண்ணை அடுத்த கிழமை துளசியைத் திரும்பப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பிறகு ஒருநாள் பல்லறோ சந்தையிலை அவளைக் கண்டன். எப்பிடிப் போகுது பிள்ளை எண்டு கேட்டன். சிரிச்சவள்தான், ஆனால் கண் கலங்கிப் போச்சு.

"ஓடுறன் அன்ரி. ஆனால் ஸ்ரார்ட்டிலை குனிஞ்சு நிக்கேக்கை, 'சரிவராது' எண்டு உங்கடை குரல்தான் கேக்குது."

ஆறு வருசமாய் ஊரிலை இருக்கிற எல்லாற்றை வாயையும் பரிசோதிச்ச எனக்கு, என்ரை வாயை ஒருக்கால் பரிசோதிக்கோணும் எண்டு மட்டும் தோணாமல் போச்சு.