ஆனையூரில் நின்ற வேன்

புது சிஸ்டம் போன வாரம் கோ-லைவ் ஆகி, அதாவது நிஜமாக ஓடத் தொடங்கி, வந்த முதல் திங்கட்கிழமை. காலை ஏழரைக்குப் போன் அடித்தது. வேன் டிரைவர் பாண்டி அண்ணன்.

"தங்கச்சி, ஆனையூர்ல வீட்டு முன்னாடி நிக்கிறேன். வீடு பூட்டிக் கெடக்கு. பேஷண்டக் காணோம்."

ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு, இரண்டு சாஃப்ட்வேர்களை இணைக்கும் இன்டக்ரேஷன் வேலை செய்து கொடுத்திருந்தேன். அவர்கள் சாஃப்ட்வேரில் நர்ஸ் அப்பாயின்ட்மென்ட்டை மாற்றினால், அது தானாக, பேஷண்டுகளை ஏற்றி வரும் வேன் கம்பெனியின் சிஸ்டத்துக்குப் போய் டிரைவர் போனில் தெரிய வேண்டும். இரண்டு வாரம் டெஸ்ட் செய்தோம். தேதியை மாற்றினோம், போனது. நேரத்தை மாற்றினோம், போனது. எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

நர்ஸ் மேரியைக் கூப்பிட்டேன்.

"கருப்பையா அண்ணனா? அவரு ஒத்தக்கடைக்கு மக வீட்டுக்குப் போயிட்டாரே. சனிக்கிழமையே அட்ரஸ மாத்திட்டேனே!"

போன மெசேஜெல்லாம் பதிவாகும் லாக் ஃபைலைத் திறந்தேன். சனிக்கிழமை ஒரு மெசேஜும் போகவில்லை. எர்ரரும் இல்லை. எந்த விவரம், எங்கள் பேச்சில் ஃபீல்டு, மாறினால் அப்டேட் போக வேண்டும் என்ற பட்டியலில் தேதி, நேரம் இரண்டை மட்டும் டிக் செய்திருந்தேன். அட்ரஸை விட்டிருந்தேன். சிஸ்டம் நான் சொன்னதைத்தான் செய்திருக்கிறது.

"எட்டரைக்கு மெஷின். நேத்தே மூச்சு வாங்குதுன்னு மக சொன்னா" என்றார் மேரி.

ஆனையூரிலிருந்து அந்த நேர நெரிசலில் வேன் ஊரைத் தாண்டி ஒத்தக்கடைக்கு நேரத்துக்கு வந்து சேராது. நான் குடியிருந்ததும் ஒத்தக்கடைதான். ஆட்டோ பிடித்து ஓடினேன்.

கருப்பையா அண்ணன் பஞ்சர் கடை வைத்திருந்தவர். கால் இரண்டும் வீங்கியிருந்தன. மாடியிலிருந்து நானும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினோம். ஆட்டோவில் கேட்டார்.

"நீதான் வேன்காரப் புள்ளையா தாயி?"

"இல்லண்ணே, வேனுக்குத் தகவல் அனுப்புற ஆளு."

"அப்பறம் ஏன் அனுப்பல?"

"மறந்துட்டேண்ணே."

"அம்புட்டுத்தான, விடு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எட்டு நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். மேரி மெஷினை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். ஊசி ஏறிய பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

மதியம் அட்ரஸ், போன் நம்பர் எல்லாவற்றையும் டிக் செய்து, பாண்டி அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்து டெஸ்ட் செய்தேன். மேரி ஒவ்வொன்றாக மாற்ற, அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"வேற எதுவும் வேணுமாண்ணே?"

"மாடி வீடா, தரையான்னு வருமா? நாங்கதான தூக்கணும்."

எங்கள் எந்த டாக்குமென்ட்டிலும் அது இல்லை. எங்கள் மேனேஜர், "ஒத்துக்கிட்ட வேலையில, ஸ்கோப்ல இல்லையேம்மா" என்றார்.

"ஒருக்கா பேஷண்டப் படியில எறக்கிப் பாருங்க சார், ஸ்கோப்புக்குள்ள வந்துரும்" என்றேன்.

சாயங்காலமே புது ஃபீல்டு சேர்ந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். என்னென்ன தகவல் வேண்டும் என்று, அதை அனுப்புகிறவரிடம் எல்லாரும் கேட்பார்கள். அதை நம்பி வண்டியைக் கிளப்புகிறவரிடம் முதலில் போய்க் கேளுங்கள்.